உறை திறந்த நேரம்

நவம்பர் 24, திங்கள்

பன்னிரண்டாம் தேதி புதன்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு நான் எங்கே இருந்தேன்?

இன்ஸ்பெக்டர் இன்று வீட்டுக்கு வந்து கேட்ட கேள்வி இது. எனக்குப் பதில் தெரியவில்லை. அவரிடம் அப்படிச் சொல்லவில்லை. காலேஜில்தான் இருந்திருப்பேன் என்றேன். பெண்களை ஸ்டேஷனுக்கு வரச் சொல்லக்கூடாதாம், அதனால் ஒரு பெண் போலீஸையும் கூட்டிக்கொண்டு ஜீப்பில் வந்திருந்தார். எதிர் வீட்டு ஜன்னல் திரை முழுநேரமும் கொஞ்சம் விலகியே இருந்தது. சமையலறையில் கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. மாவு ஆட்டுவதை நிறுத்திவிட்டு வரலாமே என்று அவராகச் சொல்லும்வரை எனக்கு அந்தச் சத்தம் காதில் விழவில்லை.

ஒரு தாளின் நகலைக் காட்டினார். உறை திறப்புச் சான்று. பல்கலைக்கழகத் தேர்வு நாட்களில், கேள்வித்தாள் கட்டு தலைமைக் கண்காணிப்பாளர் அறையில் பீரோவில் இருக்கும். ஒன்பதரைக்கு இரண்டு ஆசிரியர்கள் முன்னிலையில் அதைத் திறக்க வேண்டும். அரக்கு முத்திரை உடையாமல் இருந்ததைக் கண்ணால் பார்த்தோம் என்று இருவரும் கையெழுத்திட வேண்டும். தாளில் இரண்டு கையெழுத்து. ஒன்று இயற்பியல் நாகமாணிக்கம். மற்றது என்னுடையது.

அன்றைய கேள்வித்தாளின் படம் 9.41-க்கு மாணவர்களின் செல்போன்களில் ஓடியிருக்கிறது. முதலில் அனுப்பியவர் அழித்துவிட்டாராம். கையில் கிடைத்ததில் பழையது அந்த நேரம்தான். இன்ஸ்பெக்டரின் கணக்கு எளிமையானது. ஒன்பதரைக்கு முத்திரை முழுதாக இருந்தது, அதற்கு இரண்டு பேர் சாட்சி. அதன்பிறகு கட்டு மாடியில் உள்ள தேர்வறைகளுக்குப் போனது. எடுத்துப் போனவள் அட்டெண்டர் தெய்வாத்தாள். ஆகவே படம் எடுத்தவளும் அவள்தான். நான்கு நாளாகக் கோவையில் சிறையில் இருக்கிறாள்.

"நீங்க சாட்சி மேடம், அவ்வளவுதான். என்ற தங்கச்சியே உங்ககிட்டப் படிச்சவதான். மாஜிஸ்திரேட் முன்னாடி ஒருக்கா சொல்லிட்டீங்கன்னா முடிஞ்சுது. இல்லீன்னா, அந்தக் கையெழுத்து எதுக்குன்னு நாங்க கேக்க வேண்டி வரும்."

மிரட்டும் குரலே இல்லை. காபியை மிச்சம் வைக்காமல் குடித்தார்.

பன்னிரண்டாம் தேதியின் பக்கம் இதே நோட்டில்தான் இருக்கிறது. திருப்பிப் பார்க்கவில்லை. மாவு மூன்று நாளைக்கு வரும்.

நவம்பர் 25, செவ்வாய்

கேட் நான்கு முறை சத்தம் போட்டது. பால், கூரியர், கீரைக்காரம்மா, காற்று.

நவம்பர் 26, புதன்

இன்று முருகவேள் போன் செய்தான். தலைமைக் கண்காணிப்பாளர் அவன்தான். வணிகவியல் துறைத் தலைவன். பல்கலைக்கழகத்தில் ஒரே ஆண்டு படித்தோம், விடுதி மெஸ் போராட்டத்தில் ஒன்றாக உட்கார்ந்தோம். நலம் விசாரித்தான். பிறகு, "நீ பாத்ததைத்தானே சாந்தா சொல்லப் போற, அதுல என்ன பயம்" என்றான். ஆமாம் என்றேன். அவனுடைய தம்பி மகன் அந்தத் தேர்வை எழுதினான் என்பது இரண்டு பேருக்கும் தெரியும். இரண்டு பேரும் அதைப் பேசவில்லை.

கையெழுத்து விஷயத்தை எழுதிவைக்கிறேன். எங்கள் கல்லூரியில் யாரும் ஒன்பதரைக்கு அந்த அறைக்குப் போவதில்லை. நான் சேரும் முன்பிருந்தே இப்படித்தான். திங்கட்கிழமை காலை, தேநீர் டிரேயோடு அந்த வாரத்துச் சான்றுத் தாள்கள் ஐந்தும் ஆசிரியர் அறைக்கு வரும். நேரம் எழுதும் இடத்தில் 9.30 என்று ஏற்கெனவே டைப் அடித்திருக்கும். போட்டுக் கொடுத்துவிட்டால் வாரம் முழுவதும் ஓட வேண்டியதில்லை. பார்க்காத எண்ணை அட்டவணையில் எழுதாதே என்று இருபத்து மூன்று வருடமாகப் புள்ளியியல் வகுப்பில் சொல்லி வருகிறேன். வகுப்பு முடிந்து வந்து தேநீர் குடித்தபடி ஐந்து தாளிலும் கையெழுத்துப் போடுவேன்.

பத்தாம் தேதியும் டிரேயைக் கொண்டுவந்தவள் தெய்வாத்தாள். முட்டி வலியோடு மாடி ஏறி வந்திருந்தாள். நான் போடப் போட ஒவ்வொரு தாளாக உருவிக்கொண்டு, "பாக்காமயே போடறீங்களே மேடம், நடுவுல என்ற ஊட்டுப் பத்திரம் ஒண்ணை வெச்சிருந்தா என்ன பண்ணுவீங்க?" என்றாள். எல்லோரும் சிரித்தோம்.

அதற்காக நான் எப்போதுமே பார்த்ததில்லை என்று ஆகாது. ஏப்ரலில் ஒருநாள் நேரில் போயிருக்கிறேன். அது வேறு விஷயம்.

நவம்பர் 27, வியாழன்

மின்வாரியத்தில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு இவர் என்னை வக்கீல் சென்னியப்பனிடம் கூட்டிப்போனார். மாடிப்படி ஏறினால் அலுவலகம், கீழே எண்ணெய்ச் செக்கு. நல்லெண்ணெய் வாசனையில் உட்கார்ந்து குற்றவியல் சட்டம் கேட்டேன். அறுபது வயதைத் தாண்டியவர், பேசும்போது கண்ணாடியைக் கழற்றி வைத்துவிடுகிறார். அதனால் அவர் என்னைச் சரியாகப் பார்க்கவில்லை என்ற ஒரு நிம்மதி.

நான் பார்த்தேன் என்றுதான் ஆரம்பித்தேன். கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார்.

"இங்க வர்றவிய எல்லாருமே மொதல் நாள் பொய்தான் சொல்லுவாங்க. நீங்க படிச்சவங்க, அதனால கொஞ்சம் நல்லாச் சொல்றீங்க. நீங்க என்ன பாத்தீங்கங்கறது எனக்கு வேண்டாம் மேடம். என்ன பாக்கலை, அதைச் சொல்லுங்க."

சொன்னேன். திங்கட்கிழமை, டிரே, ஐந்து தாள்.

அவர் விளக்கியது இது. மாஜிஸ்திரேட் முன் பார்த்தேன் என்று சொன்னால் நான் சாட்சி. தெய்வாத்தாள் வெளியே வருவது கஷ்டம். பார்க்கவில்லை என்று சொன்னால் முத்திரை எப்போது உடைந்தது என்பது யாருக்கும் தெரியாது என்றாகும். அவள் மீதான வழக்கு ஆடிப்போகும். ஆனால் நான் பொய்ச் சான்று கொடுத்தவள். சாட்சி இல்லை, குற்றவாளிப் பட்டியலில் மூன்றாவதோ நான்காவதோ. கைது செய்யலாம். கல்லூரியில் சஸ்பெண்ட் செய்வார்கள். வழக்கு ஆறேழு வருடம் நடக்கலாம். தண்டனை வந்தால் வேலை போகும்.

"உண்மையைச் சொல்றதுன்னா சொல்லுங்க. ஆனா முன்ஜாமீன் வாங்கிக்கிட்டுத்தான் சொல்லோணும். சும்மா போயிச் சொல்லிட்டு வந்தறக் கூடாது."

அன்று காலை நான் எங்கே இருந்தேன் என்று காட்ட எழுத்தில் ஏதாவது இருக்கிறதா என்றும் கேட்டார். இல்லை என்றேன். நோட்டு அப்போது என் கைப்பையில்தான் இருந்தது. வீட்டில் வைத்துவிட்டுப் போகப் பயம்.

நவம்பர் 28, வெள்ளி

எனக்கு விடைத்தாள் திருத்தும் பணி இல்லை என்று துறையிலிருந்து சொல்லிவிட்டார்கள். காரணம் சொல்லவில்லை. பீர்க்கங்காய் வாங்கினேன், இரண்டு கசந்தன.

நாகமாணிக்கம் மாஜிஸ்திரேட்டிடம் போய்ச் சொல்லிவிட்டாராம். முத்திரை முழுதாக இருந்தது, சாந்தாமணி மேடமும் பக்கத்தில்தான் நின்றார் என்று. வராண்டாவில் என்னைப் பார்த்ததும் நோட்டீஸ் போர்டு படிக்க ஆரம்பித்தார். போர்டில் போன மாதத்து ரத்ததான முகாம் அறிவிப்பு.

நவம்பர் 29, சனி

பக்கத்தைத் திருப்பினேன். என் கையெழுத்து, நீல மை.

"நவ. 12. சிலிண்டர் வந்தது 9.25. ரெகுலேட்டரில் கசிவு. அந்த ஆளே வாஷர் மாற்றிக் கொடுத்தான். கிளம்பும்போது 9.40. பஸ் இல்லை, ஆட்டோ. ஹாலுக்குள் நுழையும்போது முதல் மணி அடித்துவிட்டது."

ஆக, எனக்குத் தெரியாமல் இல்லை.

சாப்பிடும்போது இவரிடம் சொன்னேன். சிலிண்டருக்காக என்னை வீட்டில் இருக்கச் சொன்னதே இவர்தான். சோற்றைப் பிசைந்துகொண்டே, "எனக்கும் ஞாபகம் இருக்குது சாந்தா. ஞாபகம் இல்லைன்னு வெச்சுக்கலாம்" என்றார். முப்பது வருடமாக மீட்டர் ரீடிங்கில் ஒரு எண்ணைக்கூட மாற்றி எழுதாதவர். அவர் அதைச் சொன்ன அமைதிதான் எனக்கு இன்ஸ்பெக்டரைவிடப் பயமாக இருந்தது.

எல்லோரும் போடுகிற கையெழுத்துதானே, நீ மட்டும் ஏன் தனியாகப் போய் நிற்க வேண்டும் என்று பிறகு கேட்டார். நியாயமான கேள்வி. தெய்வாத்தாளும் தனியாகத்தான் இருக்கிறாள் என்று சொல்லவந்து, அது மேடையில் பேசுவது போல இருக்குமென்று விட்டுவிட்டேன். ரசம் போட்டுக்கொண்டார்.

டிசம்பர் 1, திங்கள்

வக்கீல் அலுவலகம். மனுவை டைப் அடித்து வைத்திருந்தார். எட்டு பத்தி. ஆறாவதில் இரண்டு வரி: மேற்படி சான்றில் மனுதாரர் பத்தாம் தேதியன்றே கையெழுத்திட்டார், பன்னிரண்டாம் தேதி உறை திறக்கப்பட்டபோது அவர் அங்கு இல்லை. அந்த இரண்டு வரியைப் பென்சிலால் வட்டமிட்டுக் காட்டினார். இது கோர்ட்டுக்குள் போய்விட்டால் திரும்ப எடுக்க முடியாது, இன்ஸ்பெக்டர் மூஞ்சி மாறிவிடும், மனு தள்ளுபடியானால் அன்றைக்கே அழைத்துப் போவார்கள். இந்த இரண்டு வரி இல்லாமலும் ஒரு மனு தயார் பண்ணலாம், அதற்கு வேறு டைப்.

முழுவதையும் படித்தேன். ஒரு முறை அல்ல, மூன்று முறை. கீழே செக்கு சுற்றிக்கொண்டிருந்தது. வக்கீல் பொறுமையாகக் கண்ணாடியைத் துடைத்தார்.

"இப்பப் பாருங்க, எப்பிடிப் படிக்கறாங்க" என்றார் இவரிடம். கிண்டல்தான். ஆனால் உடனே எனக்குத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார்.

கையெழுத்துப் போட்டேன். பிறகு நோட்டைப் பையிலிருந்து எடுத்து மேஜையில் வைத்தேன். பன்னிரண்டாம் தேதிப் பக்கத்தை மட்டும் படித்தார். பத்திரமாக வைத்திருங்கள், கேட்டால் கொடுக்கலாம், கேட்கும் முன் கொடுக்க வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்தார்.

ஏப்ரலைப் பற்றி மனுவில் ஒன்றும் இல்லை. அவர் கேட்கவில்லை.

டிசம்பர் 2, செவ்வாய்

வக்கீலின் குமாஸ்தா போனில் சொன்னவை: தாலியைத் தவிர நகை வேண்டாம். நாடா இல்லாத உடை நல்லது, சுடிதார் என்றால் எலாஸ்டிக். கண்ணாடி இரண்டு ஜோடி. மாத்திரையைக் கையில் விடமாட்டார்கள், டாக்டர் சீட்டு இருந்தால் உள்ளே கொடுப்பார்கள். ரயில் பயணத்துக்குச் சொல்வது போலச் சொன்னார்.

தைராய்டு மாத்திரைச் சீட்டைத் தேடி எடுத்தேன். சிறிய பையில் எல்லாவற்றையும் வைத்து, கதவுக்குப் பின்னால் மாட்டினேன். பத்து நிமிடம் கழித்துப் பீரோவுக்குள் வைத்தேன். கண்ணில் படாத இடத்தில் இருந்தால் ஓயாமல் அதையே நினைக்கிறேன். மறுபடி கதவுக்குப் பின்னால்.

டிசம்பர் 3, புதன்

தெருவில் வண்டி நின்றால் வாய் உலர்ந்துபோகிறது. உண்மையிலேயே நாக்கு மேலண்ணத்தில் ஒட்டுகிறது. இதைப் புத்தகங்களில் படித்தபோது மிகை என்று நினைத்திருக்கிறேன்.

புனேயிலிருந்து மகள் பேசினாள். குளிர் எப்படி என்று கேட்டேன். அப்பா எல்லாம் சொல்லிவிட்டார் என்றாள். இருந்தும் குளிரைப் பற்றியே கொஞ்ச நேரம் பேசினோம்.

டிசம்பர் 4, வியாழன்

ஈரோடு. மனு விசாரணை. நான் உள்ளே போக வேண்டியதில்லை என்றார்கள், ஆனாலும் பின்வரிசையில் உட்கார்ந்தேன். என் முறை வர ஒன்றரை மணி நேரம். வந்தபோது நான்கு நிமிடம்.

அரசு வக்கீல் எழுந்து, படித்த பேராசிரியையே பொய்ச் சான்று கொடுத்ததாக ஒப்புக்கொண்டிருக்கிறார், இவருக்கு முன்ஜாமீன் கொடுத்தால் யாருக்குத்தான் கொடுக்கக்கூடாது என்றார். சரியான வாதம். அந்தப் பக்கம் நான் இருந்திருந்தால் அதையேதான் சொல்லியிருப்பேன். உத்தரவு நாளைக்கு.

திரும்பும் பஸ்ஸில் இவர் வேர்க்கடலை வாங்கினார். ஒவ்வொரு நிறுத்தத்திலும் யார் ஏறுகிறார்கள் என்று பார்த்துக்கொண்டு வந்தேன்.

டிசம்பர் 5, வெள்ளி

கிடைத்தது. நிபந்தனை: இரண்டு வாரம் தினமும் காலை பத்தரை மணிக்கு எங்கள் ஊர் ஸ்டேஷனில் கையெழுத்து.

சந்தோஷம் வரும் என்று நினைத்தேன். பாத்திரம் கழுவினேன்.

டிசம்பர் 8, திங்கள்

சஸ்பெண்ட் உத்தரவு தபாலில் வந்தது. ஒப்புகை அட்டையில் கையெழுத்துக் கேட்ட தபால்காரர், "நல்ல சேதிங்களா மேடம்?" என்றார்.

ஸ்டேஷனில் ஒரு நீளப் பதிவேடு. ரைட்டர் என்று ஒரு ஏட்டு, எழுத்துவேலை முழுவதும் அவர்தான் பார்க்கிறார். பெயர், தேதி, நேரம் எழுதிவைப்பார், நான் கையெழுத்துப் போட வேண்டும். என் பெயருக்கு எதிரே இப்போது ஒரு எண் உண்டு. நான் மூன்றாவது. நாகமாணிக்கம் நான்காவது. இரண்டாவது முருகவேள். அவன் நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறான்.

டிசம்பர் 11, வியாழன்

தெய்வாத்தாளுக்கு ஜாமீன். அவளுடைய வக்கீல் என் மனுவின் ஆறாவது பத்தியைப் படித்துக் காட்டினாராம். சென்னியப்பன் போனில் சொன்னார். அவளுக்கும் அதே ஸ்டேஷன், அதே நேரம், சனிக்கிழமையிலிருந்து.

பையை அவிழ்த்து எல்லாவற்றையும் எடுத்த இடத்தில் வைத்தேன். அவளைப் பார்க்க நேரும் என்பது எனக்குத் தோன்றியிருக்கவே இல்லை. இருபத்தொரு நாள் உள்ளே இருந்திருக்கிறாள். என்ன சொல்வது? எப்படியிருக்கே என்று கேட்க முடியுமா?

டிசம்பர் 12, வெள்ளி

கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்தபோது ரைட்டர் பதிவேட்டை மூடவில்லை.

"நாளைக்கு மந்திரி வர்றாருங்க, எல்லாரும் பந்தோபஸ்து. ஸ்டேஷன்ல ஆள் இருக்கறது சந்தேகம். நாளைக்கும் நாளான்னைக்கும் சேத்து இப்பவே போட்டுருங்க. உங்குளுக்கும் அலைச்சல் மிச்சம்."

அடுத்த இரண்டு வரியையும் தேதி போட்டு, 10.30 என்று எழுதி, பேனாவை என் பக்கம் நீட்டினார். கெட்ட எண்ணம் எதுவும் இல்லாத முகம். உதவுகிறார். அன்று டிரேயோடு வந்த தாள்களும் இப்படித்தான் இருந்தன.

நாளைக்கு வருகிறேன் என்றேன். யாரும் இருக்கமாட்டோம் என்றார். காத்திருக்கிறேன் என்றேன். "டீச்சருங்களே இப்பிடித்தான்" என்று சொல்லிக்கொண்டே பதிவேட்டை மூடினார்.

வெளியே வந்தபிறகு கொஞ்சம் நிமிர்ந்து நடந்தேன் என்று நினைக்கிறேன். அதையும் எழுதிவைக்கிறேன்.

இப்போது அந்த நிமிர்வு இல்லை. நாளை வராதவள் என்று எழுதிவிட்டால் ஜாமீன் ரத்து. தெய்வாத்தாள் எல்லோர் முன்னாலும் என்னைக் கேட்பாள். அல்லது பேசமாட்டாள், அது இன்னும் மோசம். அவளுடைய வீட்டு ஆட்கள் வருவார்கள். இவை எல்லாம் நடக்கும் வாய்ப்பு எவ்வளவு என்று என்னால் கணக்குப் போட முடியும். போட்டுப் பார்த்தும் பயம் குறையவில்லை.

டிசம்பர் 13, சனி

நடந்தது இது.

பத்து இருபதுக்குப் போனேன். வாசலில் ஒரு பெண் போலீஸ் மட்டும். ரைட்டர் இல்லை, பதிவேடு அலமாரியில் பூட்டியிருந்தது. பெஞ்சில் தெய்வாத்தாள் உட்கார்ந்திருந்தாள். தனியாகத்தான் வந்திருந்தாள். மெலிந்திருந்தாள். முட்டியில் துணி சுற்றியிருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் போனாள், பழக்கம். பிறகு எழுந்திருக்காமல் நகர்ந்து இடம் விட்டாள்.

முட்டி எப்படி இருக்கிறது என்று கேட்டேன். தரையில் படுத்ததில் அதிகமாகிவிட்டது என்றாள். உள்ளே சாப்பாட்டில் உப்பே இருக்காது, அரிசி நன்றாக இருக்கும் என்றாள். தையல் தெரியுமா என்று கேட்டார்களாம். மடியில் ஒரு மஞ்சள் பை. அதன் கைப்பிடியைச் சுருட்டுவதும் விடுவதுமாக இருந்தாள். நான் மனுவில் எழுதியதைப் பற்றி ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தேன். காத்திருந்தேன் என்பதை மறைத்துப் பயனில்லை.

கொஞ்ச நேரம் கழித்து, என்னைப் பார்க்காமல் சொன்னாள்:

"ஏப்ரல் மாசம் நீங்க ரூமுக்கு வந்த அன்னைக்கு அந்த அரக்கு ஒடைஞ்சு பசை போட்டு ஒட்டியிருந்துச்சுங்கல்ல. நீங்க பாத்தீங்க. நானும் பாத்தேன். சாருகிட்ட நாங் கேட்டா வேலை போயிரும். மேடம் படிச்சவங்க, அவிய கேப்பாங்கன்னு இருந்தேன்."

அன்று முருகவேள், வெயிலில் அரக்கு இளகிவிட்டது என்றான். நான் கையெழுத்துப் போட்டேன். அதன்பிறகு அந்த அறைப் பக்கமே போகவில்லை.

"பாத்தேன்" என்றேன்.

அவள் தலையாட்டினாள். பெண் போலீஸ் எங்கள் இருவருக்கும் ஒரே தம்ளரில் தண்ணீர் கொடுத்தாள், முதலில் தெய்வாத்தாள் குடித்தாள்.

ரைட்டர் வியர்த்து வழிந்து வந்தபோது மணி பன்னிரண்டே கால். பதிவேட்டை விரித்தார். நேற்றே எழுதிய என் வரி அப்படியே இருந்தது. அதன் கீழே, ஞாயிற்றுக்கிழமை வரிக்கும் அதற்கும் நடுவில் இடுக்கி, தெய்வாத்தாள் பெயரை எழுதி அவளுக்கும் 10.30 போட்டார். சீக்கிரம் என்றார். பேனா முதலில் என் கைக்குத்தான் வந்தது. பத்து இருபதுக்கே வந்துவிட்டேனே, காத்திருந்தேனே, இதில் என்ன என்றுதான் எனக்குத் தோன்றியது. பேனா முனை தாளைத் தொட்டுவிட்டது.

"இருங்க மேடம்."

தெய்வாத்தாள் குனிந்து, விரலை வைத்து, உதடு அசைய வரியைப் படித்தாள். எட்டாவது படித்தவள். நேரத்துக்கு வந்ததும் விரல் நின்றது.

"பத்தரைன்னு போட்டிருக்குதுங்க. இப்ப மணி பன்னெண்டே காலுங்க."

அது கோர்ட் சொன்ன நேரம், அப்படித்தான் எழுத வேண்டும், உங்கள் நன்மைக்குத்தான் என்றார் ரைட்டர். அப்படியானால் பத்தரைக்கு வந்தோம், பன்னிரண்டே காலுக்குப் போட்டோம் என்று இரண்டையும் எழுதுங்கள், படித்துப் பார்த்துவிட்டுப் போடுகிறோம் என்றாள். குரலை உயர்த்தவில்லை. அவர் என்னைப் பார்த்தார், படித்தவள் இந்தம்மாவுக்கு எடுத்துச் சொல்லட்டும் என்பதுபோல. நான் பேனாவை மேஜையில் வைத்தேன்.

அடித்து எழுதினார். தெய்வாத்தாள் மறுபடியும் முதலிலிருந்து படித்தாள், நிதானமாக, தன் வரியையும் என் வரியையும். பிறகு தன் பெயரை எழுத்துக் கூட்டிப் போட்டாள். பேனாவை என்னிடம் கொடுத்தாள்.

மணி 12.22. போட்டேன்.